பாதிக் கூட்டின் திறப்பு விழா

ஒரு காட்டில் அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. இருந்தால் கண்காட்சி வைத்துத்தானே ஆகவேண்டும்? ஆகவே அதன் காப்பாளரான சவ்வாது என்ற புனுகுப்பூனை, 'வரவிருக்கிறது: காட்டுக் கைவினையும் அலங்காரக் கலையும்' என்று மரத்துக்கு மரம் அறிவிப்பு ஒட்டிவிட்டு, பொருள் தேடிப் புறப்பட்டார்.

அப்போது ஓடைக்கரை ஈச்சமரத்தில் நாரன் என்ற தூக்கணாங்குருவி கவலையோடு உட்கார்ந்திருந்தான். அந்தக் குருவிகளின் வழக்கம் இது: ஆண் கூட்டைப் பாதிவரை பின்னிவிட்டு நிறுத்தவேண்டும். பெண் வந்து, தொங்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியைப் பின்னிக் குடித்தனம் தொடங்கலாம். (உள்ளே மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்றும் சொல்வார்கள். இந்தக் காட்டில் அப்படி யாரும் ஏற்றியதில்லை.) அந்த மழைக்காலத்தில் நாரனின் கூடுகளைப் பார்த்த பெண்களெல்லாம் அலகைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் அவன் வெட்கத்தில் கூட்டைப் பிய்த்தெறிந்தான். இப்போது தொங்குவது கடைசிப் பாதிக் கூடு. ஜோடி சேராமல் மிஞ்சியவள் அல்லி ஒருத்திதான். மறுநாள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

முதலில் வந்தவர் சவ்வாது.

"அடடா! யாருடைய படைப்பு இது?"

"கூடுங்க. இன்னும் பாதி பாக்கி இருக்கு."

"அந்தப் பாக்கிதான் அழகு! இனி ஒரு நார்கூடச் சேர்க்காதே. கண்காட்சியின் நடுநாயகமே இதுதான்."

நாரனின் கூட்டை ஒருவர் குறை சொல்லாமல் பார்த்தது அதுவே முதல் தடவை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்றான்.

மறுநாள் அல்லி வந்தாள். தலைகீழாகத் தொங்கினாள்; நாரை அலகால் இழுத்தாள்.

"பரவாயில்லையே, அறுந்துபோகலை. முட்டை அறையும் வாசல் குழாயும் பின்னிடு. வந்துடறேன்."

நாரன் சவ்வாதிடம் பறந்தான்.

"ஐயா, மீதியைப் பின்னட்டுங்களா? பொண்ணு சம்மதிச்சிட்டா."

"பின்னினால் அது வெறும் கூடு. மரத்துக்கு நாலு தொங்குகிறது."

"அப்போ இன்னொண்ணு பின்னிக்கிறேன்."

"'இவர் கையால் இது ஒன்றுதான்' என்று அறிவிப்பில் போட்டுவிட்டேனே, தம்பி!"

நாரன் திரும்பி வந்தான். "இது இப்படியேதான் இருக்கணுமாம், அல்லி."

"முட்டை கீழே விழுந்திடுமே?"

"அதுதான் இதோட உட்பொருளாம்."

"சரி, உட்பொருளை நீயே அடைகாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அல்லி பக்கத்துக் கிளையில் இருந்த கோரனிடம் போய்விட்டாள். கோரனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் உண்டு. ஆனால் அவன் பின்னும் கூட்டுக்கு அடிப்பாகமும் உண்டு.

மழைக்காலம் முடியும் சமயத்தில் நடந்த திறப்பு விழாவுக்குக் காடே திரண்டது. சிலந்தியின் சல்லாத்துணியை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. எல்லாரும் பாதிக் கூட்டின் முன்னால் நின்றார்கள். கீழே பலகை: 'வராதவள். நாணல், ஈச்ச நார், ஏக்கம். தொடாதீர்கள்.' முயல்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. குஞ்சுகளோடு வந்திருந்த அல்லி, பக்கத்தில் நின்ற ஆமையிடம், "அந்த வராதவ நான்தான்" என்று பெருமையாகச் சொன்னாள்.

சவ்வாது தொண்டையைச் செருமினார்.

"பேராதரவு காரணமாகக் கண்காட்சி அடுத்த ஆண்டும் நீடிக்கிறது. இந்தப் படைப்பின் உயிரே கலைஞரின் தனிமைதான். ஆகவே அதுவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கரவொலி அடங்கவே இல்லை. நாரன் எழுந்து நின்று, எல்லாத் திசைக்கும் தலைவணங்கினான்.

நீதி: வேலையைப் பாதியில் விட்டுவிடு. முடித்துவிட்டால் யாராவது அதில் குடிவந்துவிடுவார்கள்.