தேங்காய் எழுந்த இடம்

“கேபிளா? எனக்குத் தண்ணிதானுங்க தம்பி தெரியும்” என்றார் கந்தப்பன்.

நயீம் விடவில்லை. தெருவில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலைக்கு அவன்தான் சூப்பர்வைசர். அங்கே ஏற்கெனவே ஓர் இன்டர்நெட் கேபிள் புதைந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை. ஜேசிபி வேறு உறுமிக்கொண்டு நிற்கிறது.

“அடியில கெடக்கறது எதுவா இருந்தா என்னங்கண்ணே? உங்க தேங்காய்க்குத் தெரியாததா?”

கந்தப்பன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தால், நீரோட்டம் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்கும். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி கிளம்புமுன் அவர் கிளம்புவார். எல்லாம் போன மாசம்வரைதான். மயில்சாமி தோட்டத்தில் அவர் காட்டிய இடத்தில் துளை போட்டதற்கு வெறும் புழுதிதான் வந்தது. மயில்சாமி சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு ஈ காக்கை கந்தப்பனைக் கூப்பிடவில்லை.

இதையாவது சரியாகச் சொன்னால் போன பேர் திரும்பாதா என்று மனுசனுக்கு நப்பாசை. தேங்காயை எடுத்தார். எதிர் டீக்கடையில் அதே மயில்சாமி கிளாசும் கையுமாக நின்றார். பார்க்காததுபோல் நடந்தார் கந்தப்பன்.

அந்தத் தெருவில் குடியிருக்கும் ஷஹர்பானுவின் வீட்டு கேட் முன்னால் தேங்காய் விறுக்கென்று எழுந்து நின்றது.

“கேபிள் இங்கதானுங்க. எதிர்ப்பக்கம் தோண்டுங்க.”

எதிர்ப்பக்கம் தோண்டினார்கள். ஜேசிபி வாளியில் கேபிள் இடியாப்பமாகப் பிய்ந்து தொங்கியது.

ஷஹர்பானு செல்போனோடு வெளியே வந்தார். “என்னப்பா நயீமு, துபாய் மருமகன் வீடியோவுல பேசிட்டே இருந்தாரு, தெறந்த வாய் தெறந்தபடி நின்னு போச்சு.”

நயீம் கந்தப்பனைப் பார்த்தான். கந்தப்பன் தேங்காயைப் பார்த்தார்.

“அட விடுங்க தம்பி. கேபிள் இந்தப் பக்கம்னா, அந்தம்மா ஊட்டுப் பக்கம் சுத்தமா ஒண்ணுமில்லைன்னு ஆச்சே. தைரியமா அங்க தோண்டுங்க.”

“தேங்காய் நின்ன எடமாச்சேண்ணே?”

“அது சும்மா நின்னுதுங்க.”

வாய்கூசாமல் தன் தேங்காயையே காட்டிக்கொடுத்தார் மனுசன். ஜேசிபி கேட் முன்னால் ஒரு குத்து குத்தியது. குடிதண்ணீர்க் குழாய் உடைந்து, மாடி உயரத்துக்குப் பீச்சியடித்தது. ஷஹர்பானு, நயீம், டீக்கடை எல்லாம் தொப்பலாக நனைந்தன. தெரு முழுக்க ஒரே கூச்சல்.

கந்தப்பன் தேங்காயைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நழுவினார். இனி இந்த ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது? நாலு எட்டு வைப்பதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், சொட்டச் சொட்ட மயில்சாமி.

“அடிக்கறதுன்னா அடிச்சுப் போடுங்க. இனிமே தேங்காயத் தொட மாட்டனுங்க” என்றார் கந்தப்பன்.

மயில்சாமி அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு பயபக்தியோடு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“தேங்காய் நின்ன அதே எடத்துல தண்ணி பொங்குனத என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க.”

கந்தப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மயில்சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப என்ற தோட்டத்துல அந்த ரிக் வண்டிக்காரந்தானுங்க நீங்க காட்டுன எடத்த விட்டுத் தள்ளித் தொளை போட்டிருக்கறான்.”