யார்தலை அண்ணன்

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். பேசவே கூச்சப்படுகிற நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு சலூன்காரர்தான் காரணம்.

உலகத்திலேயே முடி வெட்ட மறுத்துப் பேர் வாங்கிய சலூன்காரர் அவர் ஒருவர்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும், "யாரு தலை இது?" என்பார். அதனால் யார்தலை. "என் தலை" என்று சொல்லி, என்ன வேண்டும் என்பதையும் நாமே வாயைத் திறந்து சொன்னால்தான் கத்தரியைத் தொடுவார்.

'வழக்கம் போல' என்றால் ஆகாது. "அது போன மாசம் சொன்னது. இன்னிக்கு என்ன வேணும்?" என்பார். போனில் நடிகர் படத்தைக் காட்டிய ஒருவனிடம், "இது அவரு தலை. அவரு வந்தா வெட்டுறேன்" என்றார். ஓர் அதிகாரியின் மனைவி வீடியோ காலில் வந்து, கணவரின் கிருதாவை எங்கே நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். இவர் போனை வாங்கி, "நீங்களே வந்து உக்காருங்க மேடம்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போய் என்ன ஆனாரோ.

நான் அந்தத் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவன். "உங்க இஷ்டம்ணே" என்பேன். "என் இஷ்டத்துக்கு வெட்ட என் தலையில முடி இல்லியே" என்று தன் வழுக்கையைத் தடவுவார். பிறகு எனக்குத் தலை வாரிவிட்டு அனுப்பிவிடுவார். ஒரு சமயம் முடி என் தோளைத் தொட்டது. எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேன் போட்ட கடையில் எல்லாம் கேட்டார்கள்.

நாற்பது தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சலூனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் செல்வி வேலை பார்த்தாள். கணவனை இழந்தவள். என் மனசில் இருப்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். "கேக்கறதா இருந்தா நீங்களா வந்து கேளுங்க. உங்க மாமாவ அனுப்பாதீங்க" என்றாள். எனக்குச் சட்டைத் துணிகூட மாமாதான் எடுப்பார். நான் எங்கே கேட்பது? அதற்குள் மாமா சிதம்பரத்தில் ஒரு பெண்ணைப் பேசி, தட்டு மாற்ற நாளும் குறித்துவிட்டார்.

அன்று காலை காரை சலூன் வாசலில் நிறுத்தினார். ராகு காலத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் இருக்க வேண்டும்.

"டை அடிச்சுடுய்யா. ஒரு வெள்ளை தெரியக் கூடாது. மீசையையும் எடுத்துடு."

"யாரு தலை இது?"

"எங்க அக்கா மவன் தலை. அடிய்யா சீக்கிரம்."

யார்தலை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவசரத்துக்கு இரங்கினாரோ என்னவோ, அன்று அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். இடது பக்கம் முழுக்க டை ஏறியது. அப்போது கண்ணாடியில் எதிர்க்கடை தெரிந்தது. செல்வி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். என் கண் கலங்கிவிட்டது.

"டை எரியுதா?"

"இல்லண்ணே."

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். பிரஷைக் கிண்ணத்தில் போட்டார். போர்த்தியிருந்த துணியை உருவிக்கொண்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"யாரு தலை இது?"

வெளியே ஹாரன். காரில் போய் உட்கார்ந்திருந்த மாமா உள்ளே வந்தார். "யோவ், பாதியில விட்டுட்டு என்னய்யா பண்ற? அங்க பந்தி போட இலை நறுக்கிட்டு நிக்கறாங்க."

"தலைக்காரன் சொல்லட்டும் சார்."

"டேய் சேகரு, சொல்லித் தொலைடா."

என் பாதி மண்டை அரித்தது. மாமா வாட்ச்சைத் தட்டிக் காட்டினார்.

"என் தலைண்ணே."

"கேக்கல."

"என் தலை. டை வேணாம்."

"மீசை?"

"இருக்கட்டும்."

"வேற?"

அந்த 'வேற'யை நான் எதிர்பார்க்கவில்லை. வாய் திறந்ததே திறந்தது, மூட வரவில்லை.

"சிதம்பரத்துக்கு நான் வரல மாமா."

"எல்லாம் பேசியாச்சுடா. அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

"அந்தப் பொண்ணையாச்சும் யாராவது கேட்டாங்களா மாமா? போனக் குடுங்க, நானே சொல்றேன்."

பெண்ணின் அப்பா திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டியது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். மாமா என்னை அடிக்கக் கை ஓங்கி, அடித்தால் கையில் டை ஒட்டும் என்று நினைத்தோ என்னவோ, காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு வருஷம் பேசவில்லை.

அப்படியே தெருவைக் கடந்தேன். தலையைக் கழுவக்கூட நிற்கவில்லை. நின்றால் தைரியம் போய்விடும். செல்வி என் தலையை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"என்னங்க, பாதி மனசோட வந்தீங்களா?"

"முழு மனசுதான். டைதான் பாதி."

கேட்டேன். "போய்த் தலைய அலசிட்டு வாங்க, சொல்றேன்" என்றாள். அலசியும் அந்தப் பாதியின் கறுப்பு போகவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில் என் தலை இரண்டு நிறம்.

யார்தலை அண்ணன் பிறகு கடையை சிதம்பரத்துக்கு மாற்றிக்கொண்டு, மகள் வீட்டோடு போய்விட்டார். எங்கள் தெருவிலேயே இப்போது ஏசி சலூன் இருக்கிறது. நான் மாதாமாதம் பஸ் ஏறுகிறேன்.

"முடி வெட்ட சிதம்பரமா?" என்பாள் செல்வி.

"என் தலை" என்பேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. சில மாதம் வெட்டுகிற அளவுக்கு முடியே வளர்ந்திருக்காது. அப்போதும் போய் உட்காருவேன். அவர் வாரிவிட்டு அனுப்புவார்.

மஞ்சக்குப்பம்,
ஐப்பசி இரண்டாம் ஞாயிறு.