ரஷீதா கொண்டுபோன ஃபைல்

காலை பதினொன்று பத்துக்கு ரஷீதா தன் வேலையைத் தானே தொலைத்தாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பம்புக்கு வார்ப்படம் செய்கிற கம்பெனியில், டிஸ்பாட்ச் பிரிவில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவள், தன்னுடைய ராஜினாமாக் கடிதத்தைத் தன் கையாலேயே மேனேஜரின் கையெழுத்து ஃபைலில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

நிஜ ராஜினாமா இல்லை அது. 'வேலைக்குப் போகும் பெண்ணே, நிமிர்ந்து நில்!' என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் பத்து யோசனை போட்டிருந்தார்கள். ஏழாவது யோசனை: ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அது இருக்கிற தைரியத்திலேயே முதுகு நிமிரும். ரஷீதாவும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்து, கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி டிரைவர் கவுண்டரில் வந்து கத்த, கடிதம், லாரிகளை வெளியே விடுவதற்கான கேட் பாஸ்களோடு சேர்ந்து மேனேஜர் ஃபைலுக்குள் போய்விட்டது. முதுகு நிமிர்வதற்கு முன்னால் வேலை போய்விட்டது.

மேனேஜர் சடகோபன் படித்துப் பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் அவர் எதையும் படிப்பதில்லை. ஒரு காதில் போன், ஒரு கையில் பேனா. தினம் நாற்பது காகிதம், நாற்பது கையெழுத்து. பக்கத்தில் நிற்கும் பியூன் சடையப்பன் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, எங்கே போகவேண்டுமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

அரைமணி நேரத்தில் பர்சனல் பிரிவிலிருந்து கிரேஸ் போன் செய்தாள்.

"இன்னாக்கா இது? ஒரு வார்த்த சொல்லாம பேப்பர் போட்டுக்கினியே! சார் வேற சைன் போட்டு சீல் குத்தி அனுப்சிட்டாரு."

"ஐயோ கிரேஸு, அது சும்மாடி! கிழிச்சிப் போடு!"

"ஹெட் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் பண்ட்டேனே. முப்பதாந் தேதியோட உன் கணக்கு முடிஞ்சிது."

ரஷீதா மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார், அது தப்பா வந்த பேப்பர் சார். நீங்க ஒரு வாட்டி படிச்சிருந்தா..."

சொல்லியிருக்கக் கூடாது. சடகோபன் போனைக் கீழே வைத்தார். அவர் போனை வைத்து அவள் பார்த்ததே இல்லை.

"படிக்காம கையெழுத்துப் போடற ஆளாம்மா நான்? முப்பது வருஷ சர்வீஸ்! நன்னா யோசிச்சுதான் போட்டேன். ஆத்தைப் பாத்துண்டு நிம்மதியா இரு."

"ஊட்டையும் நான்தான் சார் பாத்துக்கினு இருக்கேன்!"

"அதான் சொல்றேன். ரெண்டையும் பாத்தா இப்படித்தான் பேப்பர் மாறும்."

மீஞ்சூர் வீட்டில் கணவன் அஸ்கர் அலி விஷயத்தைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தான். "போனாப் போவுது விடு. இனிமேயாச்சும் நாஷ்டா சூடாக் கெடைக்கும்."

"அடுப்பு அங்கதான் இருக்கு. போய்ச் சூடு பண்ணிக்கங்க!"

மறுநாள் காலை ரஷீதா ராஜினாமாவை வாபஸ் வாங்கும் கடிதம் ஒன்றை ஃபைலில் வைத்தாள். தினசரி வழக்கப்படி அதிலும் கண்ணை மூடிக் கையெழுத்து விழுந்துவிடும் என்று நம்பினாள். அந்த வழக்கத்தைத்தான் நேற்று அவளே கெடுத்து வைத்திருந்தாள். சடகோபன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நான் படிக்காம ஒரு காகிதம் இந்த ரூமை விட்டுப் போகாது!"

வாபஸ் கடிதம் திரும்பி வந்தது. 'காரணம் தெளிவாக இல்லை' என்று சிவப்பு மசியில் எழுதியிருந்தார். என்ன காரணம் எழுதுவது? 'தாங்கள் படிக்காததால்' என்றா எழுத முடியும்?

மத்தியானத்துக்குள் மூன்றே கேட் பாஸ்தான் தேறின. நாலாவதில் வண்டி நம்பரில் இருப்பது ஐந்தா ஆறா என்று சந்தேகம் வந்து, சடையப்பனை வெயிலில் அனுப்பி வண்டியையே பார்த்துவரச் சொன்னார். லாரிகள் கேட்டிலிருந்து சாலை முனைவரைக்கும் நின்றன. டிரைவர்கள் ரஷீதாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாம்மா பேஜாரு இது! காலைல நாஷ்டாவும் இங்கதான், இப்ப சோறும் இங்கதானா?"

"என்னை ஏன்யா கேக்கற? நானே முப்பதாந் தேதி வரைக்குந்தான்!"

மூன்றாம் நாள் ஹெட் ஆபீஸ் கத்திய கத்தலில் சடகோபனுக்கு வியர்த்தது. ரஷீதாவைக் கூப்பிட்டார்.

"இத்தனை வண்டியை எப்படிம்மா சாயங்காலத்துக்குள்ள அனுப்பறது?"

"சூப்பர்வைசரைக் கேளுங்க சார். அவருதான கேக்கவேண்டிய ஆளு."

சூப்பர்வைசர் குப்புராஜ், அவளுக்கு நாலு வருஷம் பின்னால் சேர்ந்தவன். கேட் பாஸ் எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரஷீதாதான். போன வருஷம் அவனுக்குப் பதவி வந்தது. அவன் வேலை இவளுக்கு வந்தது. சடகோபன் கேட்டதும் அவன் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ரஷீதாக்காவுக்குத்தான் சார் தெரியும்."

ரஷீதா மறுபடி நீட்டிய வாபஸ் கடிதத்தைச் சடகோபன் மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கேட் பாஸ்களில் பழையபடி படிக்காமலே கையெழுத்து விழ, லாரிகள் கிளம்பின. வேலை திரும்பக் கிடைத்தது. அதே நாற்காலி, அதே பதவி. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ரஷீதாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் அங்கேயே நின்றாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பன்னெண்டு வருஷமா நான் இங்க இருக்கேன். என்னை ஏன் சூப்பர்வைசர் ஆக்கலை?"

"அதுக்கெல்லாம் தகுதி, திறமை எல்லாம் பாக்கணும்மா."

"குப்புராஜுகிட்ட பாத்தீங்களா?"

"பாக்காமலா! நானே உக்காந்து யோசிச்சு ஒரு பக்கம் சிபாரிசு லெட்டர் எழுதினேன். 'இப்பிரிவின் முதுகெலும்பு'ன்னு. ஹெட் ஆபீஸ்ல அப்படியே அசந்து போயிட்டா."

முதுகெலும்பு! ரஷீதாவுக்கு உச்சந்தலை கொதித்தது. நேராக லாரி நிற்கும் மேடைக்குப் போனாள். குப்புராஜ் கேஸ்டிங் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து பெட்டியில் அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்காரவில்லை.

"குப்பு, நெஜத்தச் சொல்லு. அப்படி இன்னாத்தடா உங்கிட்ட பாத்து சாரு அந்த லெட்டர எழுதினாரு?"

குப்புராஜ் சுற்றும் முற்றும் பார்த்தான். டீக் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அவரு எங்கக்கா எழுதினாரு? நான் டைப் அடிச்சி உன் ஃபைல்ல சொருகினேன், நீதான எடுத்துக்கினு போயி கையெழுத்து வாங்கியாந்த!"