ஐஸ்லாந்து வழியாக ஒரு மொட்டைக் கடுதாசி

ரகசியக் காப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார், தேடிப் பாருங்கள். மடிக்கணினியின் கேமரா மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார், உங்கள் போனை உரிமையோடு வாங்கிப் புரட்டி, "இந்த ஆப்புக்கு எதுக்கு சார் லொகேஷன் குடுத்தீங்க?" என்று நீங்கள் வீட்டுச் சாவியையே தெருவில் எறிந்துவிட்டதுபோல் பதறுவார், எந்தச் செயலியும் தன் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று போனைத் தலையணைக்கு அடியில் புதைத்துவிட்டுத்தான் சாம்பாரில் உப்பு குறைவு என்பதையே மனைவியிடம் சொல்வார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, நெரிசலில் தொங்கியபடி வீட்டுக்குப் போன் போட்டு, "ஓடிபி சொல்றேன், எழுதிக்கோ! எட்டு! நாலு! நாலு! கேக்குதா?" என்று கத்துவார். அந்தப் பெட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

மேற்குத் தாம்பரம் பக்கம் கற்பகம் நகர் மூன்றாவது தெருவில், பதினாலாம் எண் வீட்டில் இருக்கிற மோகன்ராஜ் இந்த இனத்தில் முதல் தரம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு பட்டறையில் தரம் பார்ப்பது அவருக்கு வேலை. ஒரு போல்ட் தலைமுடியளவு பருத்திருந்தாலும் சிவப்பு மையால் 'ரிஜெக்ட்' என்று எழுதித் தூக்கிப் போட்டுவிடுவார். இருபது வருஷம் இதையே செய்தால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு நியாயமான கஷ்டம் இருந்தது. போன மழைக்கு அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஃபிரிட்ஜ் ஹாலுக்கு மிதந்து வந்தது. காரணம் ஊருக்கே தெரியும்: தெருக்கோடி வீட்டு லோகநாதன் புதுக் கார் வாங்கியபோது, அதை நிறுத்துவதற்காக மழைநீர்க் கால்வாயின் வாயையே அடைத்துப் பத்தடி நீளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி வந்து, தெருவிலேயே தாழ்வாக இருக்கிற மோகன்ராஜின் வீட்டுக்குள் நுழைந்தது. அடுத்த மழைக்குள் அந்த அடைப்பை எடுக்காவிட்டால் மறுபடியும் அதே கதைதான்.

இதிலே சிக்கல் என்னவென்றால், வெள்ளம் வந்த அந்த மூன்று நாளும் மோகன்ராஜும் மனைவி சுபத்ராவும் தங்கியிருந்தது லோகநாதன் வீட்டு மாடியில். இந்த நகரே ஒருகாலத்தில் லோகநாதனின் குடும்பத்து நெல்வயல். மனிதருக்கு வாய் பெரிசு, மனசும் பெரிசு. தானே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து இருவரையும் கைபிடித்துக் கூட்டிப்போய், வேளாவேளைக்குச் சூடாகச் சோறு போட்டார். அவர் சோற்றைத் தின்றுவிட்டு அவர் மேலேயே எப்படிப் புகார் கொடுப்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல மோகன்ராஜுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நேரா போயி, 'அண்ணா, அந்தக் கான்கிரீட்ட எடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் சுபத்ரா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இத பேரு வெளிய வராம டீல் பண்ணணும்."

ஆக, மொட்டைக் கடுதாசி என்று முடிவாயிற்று. கால்வாயை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி நாற்பது நிமிஷம் வீடியோ எடுத்தார். அந்தப் பெரிய வீடியோவையும் மனுவையும் கால்வாய்களைக் கவனிக்கிற அதிகாரிக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பியவர் யார், எந்த ஊர் என்று ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. அதற்கு வேண்டியது ஒரு விபிஎன். நாம் தாம்பரத்தில் உட்கார்ந்திருந்தாலும் வேறு ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருப்பதாகக் காட்டுகிற ஏற்பாடு அது. சரி, ஒன்றை வாங்கிப் போட்டு அனுப்பிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? நீங்கள் அந்த இனம் இல்லை போலிருக்கிறது.

ஜூன் மாதம் தொடங்கினார். பத்தொன்பது கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். கம்பெனி எந்த தேசத்தில் இருக்கிறது? அந்த தேசத்துப் போலீஸ் கேட்டால் கொடுத்துவிடுவார்களா? நாம் எங்கே போனோம், வந்தோம் என்று குறித்து வைக்கிறார்களா? வைப்பதில்லை என்று சொன்னால், அதை யார் சரிபார்த்தது? சரிபார்த்தவரை யார் சரிபார்த்தது? இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் "சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்?" என்று முதல் நாளே ஒதுக்கினார். காசு கேட்டதையெல்லாம் "இவ்வளவு கேக்கிறவன் என்னத்த மறைக்கிறான்?" என்று இரண்டாம் நாள் ஒதுக்கினார். ஒரு யூடியூப்காரர் ஐந்து விபிஎன்களை நடுநிலையோடு ஒப்பிட்டு ஒன்றைச் சிறந்தது என்று அறிவித்ததில் மனம் குளிர்ந்துபோய், கடைசி நிமிஷத்தில் இந்தக் காணொளிக்குக் காசு கொடுத்தவர்களும் அந்த விபிஎன்காரர்களே என்று வந்ததும் கொதித்துப்போய், அந்த யூடியூப்காரரையே அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்து 'ரிஜெக்ட்' எழுதினார். ஆடி போய் ஆவணி வந்தது.

பட்டறையில் ஸ்டோர் பார்க்கிற யேசுதாசன் டீ குடிக்கும்போது ஒரு யோசனை சொன்னார்.

"பேசாம டைப் அடிச்சு, வீடியோவ ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, கவர்ல போட்டுத் தபால் பெட்டியில போடு மச்சான். முடிஞ்சுது மேட்டர்."

"தபால் பெட்டிக்கு எதிர்ல பேக்கரி இருக்கு. பேக்கரியில கேமரா இருக்கு."

"அப்ப குன்றத்தூர் மலை ஏறி முருகன்கிட்ட சொல்லு. அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு."

"அங்க படிக்கட்டுலயே வச்சிருக்கான், கேமரா," என்றார் மோகன்ராஜ். யேசுதாசன் டீக்கிளாஸை வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டார்.

கடைசியில் மோகன்ராஜ் என்ன செய்தார் தெரியுமா? கற்பகம் நகர் வாட்ஸ்அப் குழுவில், நூற்று நாற்பத்தாறு பேர் இருக்கிற இடத்தில், "பெயர் தெரியாமல் புகார் அனுப்புவதற்கு நம்பிக்கையான விபிஎன் எது? நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்" என்று எழுதினார். எழுதிவிட்டு, நண்பர் என்று போட்ட தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார். குழுவின் அட்மின் லோகநாதன். இரண்டு நிமிஷத்தில் அவர் குரலே வந்துவிட்டது.

"மோகன், என் மச்சான் புள்ள துபாய்ல கீறான். ஆமைப் படம் போட்ட ஒண்ணு வச்சிகினு கீறான், செம ஸ்ட்ராங்காம்பா. உன் ஃபிரண்டுக்குச் சொல்லு."

மோகன்ராஜ் அந்த ஆமையை அட்டவணையில் ஏற்றினார். பத்தொன்பது கட்டத்திலும் தேறியது அது ஒன்றுதான். மூன்று வருஷத்துக்குச் சந்தா கட்டினார்.

அக்டோபர் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் திரைகள் இழுத்து மூடப்பட்டன. தொலைக்காட்சி அணைக்கப்பட்டது. எந்த தேசம் என்று ஆமை கேட்டது. நெடுநேரம் யோசித்து ஐஸ்லாந்தைத் தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. பிறகு புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி, அதற்கு இருபத்துநாலு எழுத்தில் ஒரு கடவுச்சொல். மனு எழுதுவதற்கு மட்டும் யார் உதவியும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பக் கடிதத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவர். அந்த முறை ஒரு வரி பிசகாமல் அடித்து முடித்து, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து அனுப்பினார். வீடியோ ஏறி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஐஸ்லாந்துக்காரர் கட்டிலில் படுத்து முறுக்கு தின்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை, ஸ்கூட்டரில் ஓர் அதிகாரி கையில் காகிதத்தோடு வந்து தெருக்கோடியில் நின்றார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த லோகநாதனிடமே கேட்டார்.

"பதினாலாம் நம்பர் மோகன்ராஜ் வீடு எதுங்க? கால்வாய் அடைப்பு விஷயமா மனு குடுத்திருக்காரு."

"அப்படியா? குடு சார், இன்னா எழுதிகீறான்னு பாப்போம்."

லோகநாதன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தார். "அனுப்புநர். ரா. மோகன்ராஜ், எண் பதினாலு, மூன்றாவது தெரு, கற்பகம் நகர். கைபேசி எண்ணும் போட்டுகீறான். பெறுநர், உயர்திரு..." கண் கீழே இறங்கியது. "என் பெயரை இரகசியமாக வைத்திருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ரா. மோகன்ராஜ். இணைப்பு, ஆதார் நகல்."

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த மோகன்ராஜ் திரையை இன்னும் இறுக்கி மூடினார். சுபத்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அனுப்புநர்ல உங்க பேரையா போட்டீங்க?"

"அனுப்புநர் இல்லாம எப்படி சுபத்ரா மனு எழுத முடியும்?" என்றார் அவர், அழாத குறையாக.

"மோகன்! வெளிய வா!" என்று தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது.

போனார். தலையை நிமிர்த்த முடியவில்லை. வெள்ளத்தில் தன் கையைப் பிடித்து இழுத்த அதே கை இப்போது தன் மனுவைப் பிடித்திருப்பதைப் பார்க்க அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. லோகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனுவை அதிகாரியிடம் கொடுத்தார்.

"இத்த வந்து சொல்றதுக்கு இன்னாய்யா பேஜாரு உனக்கு? நான் கார நிறுத்துறதுல புத்தியில்லாம பண்ணிட்டேன், ஒரு வார்த்த கேட்டுகினா ஒடச்சிப் போட்டுட்டுப் போறேன். நாளைக்கு மறுபடியும் தண்ணி பூந்தா எங்க வூட்டு மாடிக்குத்தானே வருவ? அப்போ இன்னா, பாஸ்வேர்டு போட்டுகினு ஏறுவியா?"

மோகன்ராஜ் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். "அண்ணா, நண்பர் ஒருத்தருக்காக..." என்று வந்துவிட்டது. அதிகாரி திரும்பி நின்று சிரித்தார். திங்கட்கிழமை ஆட்கள் கான்கிரீட் உடைக்கிற மிஷினோடு வந்தார்கள். லோகநாதனே பக்கத்தில் நின்று உடைக்க வைத்தார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் மோகன்ராஜின் வாசல் வரை வந்து, வழி கிடைத்ததும் கால்வாய் பக்கம் திரும்பிப் போயிற்று.

இனி மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தரை காய்ந்திருந்த அந்த ஹாலில் உட்கார்ந்து அட்டவணையைத் திறந்து, ஆமைக்கு நேரே சிவப்பில் 'ரிஜெக்ட்' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், 'வாடிக்கையாளர் பெயர் வெளியாகிவிட்டது' என்று குறித்தார். "நான் அப்பவே நெனச்சேன், எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறானுங்க," என்று சுபத்ராவிடம் சொன்னார். அவள் மழைக்குப் பயந்து நகர்த்தி வைத்திருந்த ஃபிரிட்ஜைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நல்லது. போன வாரம் ஜெராக்ஸ் கடைக்காரர் எண்ணுக்கு உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிடுங்க தம்பி" என்று சொல்லி வந்தீர்களே, அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். ஜவுளிக்கடைக் குலுக்கல் பெட்டியில் பெயர், விலாசம், கல்யாண நாள் எல்லாம் எழுதிப் போட்டதையும் விட்டுவிடலாம். ஆனால் மேல்வீட்டுக்காரரிடம் ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு சங்கதி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதை அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அவருக்கும் தெரியும். நீங்கள் எப்போது வந்து சொல்லப்போகிறீர்கள் என்றுதான் அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.