மொட்டை மாடிப் பெட்டிக்கு ஒரு பாராட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் குழந்தை, உங்கள் மாமியார், இடிமேகத்தை ஆராய மொட்டை மாடியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பெட்டி, எல்லோரும் நலம். பெட்டி நலமாக இருப்பதற்காக மற்றவர்கள் படும் பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை இடியில் பெட்டி காமா கதிரைப் பிடித்துவிட்டதாகவும், இதுவரை யாரும் கண்டிராத அளவு என்றும், திங்கள்கிழமை அதைப் பற்றி விஞ்ஞானிகள் சபையில் பேசப்போகிறீர்கள் என்றும் மகள் போனில் சொன்னாள். பரம சந்தோஷம். உலகத்தில் எத்தனையோ மேகம் இருக்க, நம் வீட்டுத் துணிக்கொடிக்கு மேலே நின்ற மேகத்துக்குத்தான் அந்தத் திறமை. உங்கள் மாமியாருக்கு விளக்கினேன்: பள்ளிக்கூடம் விட்டதும் ஒருவன் ஓடுவான், அவன் இடித்துப் பத்துப் பேர் ஓடுவார்கள், பத்து நூறாகும், மேகத்துக்குள் எலக்ட்ரான்களும் அப்படித்தான், காற்றில் முட்டி மோதும்போது அவை போடும் கூச்சல்தான் காமா கதிர், எக்ஸ்ரேயைவிட வலுவானது. பொறுமையாகக் கேட்டவள், "அப்போ என் முட்டிக்கு ஆஸ்பத்திரியில எதுக்கு வரிசையில நிக்கணும்? மழை வர்றப்போ மாடியில நின்னா போதாதா?" என்றாள். ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியதற்குக் கிடைத்த பலன்.

பெட்டியருகே கம்பி ஆகாது என்றீர்கள், கொடியை அவிழ்த்தோம். துணியெல்லாம் என் நாற்காலியில் காய்கிறது, நான் நிற்கிறேன். ஆள் நடமாட்டமும் ஆகாது என்றீர்கள், அதுதான் முடியவில்லை. இதயப் பரிசோதனைக்குப் போய்வந்த என் மைத்துனரை, ஒருநாள் குழந்தையிடம் நெருங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மாடிக்கு ஏற்றிவிட்டோம். மேலே இடி உறும, அவர் உங்கள் பெட்டியில் சாய்ந்துகொண்டு திருட்டு சிகரெட் பிடித்தார். "அத்தான், இதுமேல சாஞ்சா இடி விழுமா?"

"விழாது. உங்க அக்கா பாத்தா விழும்."

ஆகவே சபையில் புகழ் வாங்கிய கையோடு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். என் நாற்காலி எனக்கு வேண்டும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசுங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மாமியார் இதைப் படித்தாள். "செவ்வாய்க்கிழமையா? அன்னைக்குத்தானே தம்பிக்கு ஏதோ கதிர் மருந்தை ஊசியில ஏத்தி ஸ்கேன் எடுத்தாங்க? அதனாலதானே குழந்தைகிட்ட போகக் கூடாதுன்னாங்க?" அவர் பெட்டியில் சாய்ந்ததும் அன்றைக்குத்தான். இப்போதும் வெளியே இடி வெளுத்து வாங்குகிறது. கதிர் பட்டால் சிமிட்டும் என்றீர்களே, பெட்டியின் அந்த விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை. மைத்துனர் நேற்றே கிளம்பிவிட்டார். போனில் சொல்ல வாய் வரவில்லை, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திங்கள்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். பாராட்டை மைத்துனர் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும். நிஜமாகவே இடியிலிருந்து கதிர் கிடைக்கும்வரை பெட்டி இங்கேயே இருக்கட்டும், நான் நின்றுகொள்கிறேன்.