கழுத்தில் மூன்று கேமரா

கேமரா வாங்குபவரை உங்களுக்குத் தெரியும். கடைக்குப் போவார், பணம் கொடுப்பார், வாங்கி வருவார், வாசல் ரோஜாவை நாலு படம் எடுத்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம். இவர் கேமரா பார்ப்பவர். பெண் பார்ப்பது போலத்தான். போவார், உட்கார்வார், கொடுத்த காபியைக் குடிப்பார், முன்னே பின்னே திருப்பிப் பார்ப்பார், எடை எப்படி, இருட்டில் எப்படி, குடும்பத்தில் மூத்த மாடல்கள் எல்லாம் நல்லபடி இருக்கின்றனவா என்று விசாரிப்பார், கடைசியில் ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறேன் என்று எழுந்துவிடுவார். தகவல் மட்டும் வராது.

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும் எங்கள் கொடைக்கானல் மலையில் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. கீழே சமவெளியில் இருப்பவருக்கு என்ன, கல்யாணம் காதுகுத்து எடுத்தால் போதும். இங்கேயோ காலையில் ஜன்னலைத் திறந்தால் காட்டெருமை, மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் ஹாக்கி, சாயங்காலம் கோயிலில் ஞானஸ்நானம். ஆகையால் விளையாட்டு, வனவிலங்கு, பொது என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேமரா வேண்டுமாம். ஓட்டத்துக்கு வேகம் வேண்டும், விலங்குக்குக் கை நீளத்துக்கு லென்ஸ் வேண்டும், பொதுவுக்கு ஸ்வெட்டர் பையில் அடங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒருவர் சொல்லிவிட்டால், அவர் இந்த ஜென்மத்தில் எதையும் வாங்கப்போவதில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

என் அடுத்த வீட்டு ஆக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள்மலையில் டிராவல்ஸ் நடத்துகிறார். தங்கமான மனிதர். கேமரா என்ற சொல் காதில் விழாதவரைக்கும். மதுரையில் அவர் ஏறாத கேமரா கடை கிடையாது. எல்லாக் கடையிலும் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: எங்க ஊர் மூடுபனியில ஃபோகஸ் நிக்குமா? மதுரை வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரர் மூடுபனிக்கு எங்கே போவார்? தப்பித்தவறி ஒரு கேமரா இதிலும் தேறிவிட்டால், அடுத்த மாதம் புது மாடல் வருகிறதே என்று அதையும் ஒதுக்கிவிடுவார். அவரிடம் யோசனை கேட்டவர்களும் அப்படித்தான். மேல்மலைப் போளூர் கிராமத்துச் சுவாமிநாதன் பூண்டு விற்ற காசோடு கேமரா வாங்க வந்தவர், வழியில் ஆக்னலைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சாயங்காலம் மருந்தடிக்கும் ஸ்பிரேயரோடு ஊர் திரும்பினார். அதில் அடுத்த மாடல் எப்போது வரும் என்று யாரும் பயமுறுத்துவதில்லையாம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நல்ல கேமரா வரும்வரை வீட்டில் யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தார் பாருங்கள், அதுதான் அநியாயம். போனில் எடுப்பது போட்டோ இல்லை, ஜெராக்ஸ் என்பது அவர் கொள்கை. விளைவு, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆக்ஸிலியாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கும் ஒரே படம் ஆதாரில்தான். ஆதாரில் யார்தான் தாங்களாக இருக்கிறார்கள்? அவர்கள் கூடத்தில் ஒரு பெரிய சட்டம் தொங்கும். உள்ளே, கடையில் வாங்கும்போதே வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் யாரோ பழைய மிஷனரிமார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆக்னலின் சித்தி ஒருமுறை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு ஜெபமே சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி விளையாட்டு விழா வந்தது. ஆக்ஸிலியா இருநூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்குத் தேர்வாகியிருந்தாள். ரிப்பனை நெஞ்சால் அறுக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அவள் அம்மா ஃபெமினா பள்ளிக்கூட ஆசிரியை, சத்தம் போடாமல் சொல்லக்கூடியவர்.

"என்னங்க, ஒரு படம். ஊர்ல உள்ள சோலி எல்லாம் பாக்குறீங்க. இத மட்டும் வெரசா முடிவு பண்ணுங்க."

ஆக்னல் முடிவு பண்ணினார். எப்படி? மதுரைக்குப் போய் மூன்று கேமராவை வாடகைக்கு எடுத்து வந்தார். ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று வனவிலங்குக்கு, ஒன்று பொதுவுக்கு. ஒரே நாளில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமாம். மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு முடிவுக் கோட்டுப் பக்கம் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, தலைமை விருந்தினர் பத்திரிகைக்காரர் என்று நினைத்து தலையைச் சீவிக்கொண்டார். பக்கத்தில் நான். கொஞ்சம் தள்ளி ஃபெமினா.

விசில் ஊதினார்கள். பிள்ளைகள் வளைவு திரும்பினார்கள். ஆக்ஸிலியா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு காட்டெருமை, யாரும் கூப்பிடாமலே, ஓட்டப்பாதையில் ஏறிப் பின்னாலேயே லொங்கு லொங்கென்று வரத் தொடங்கியது. மற்ற பிள்ளைகள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஆக்ஸிலியா மட்டும் தன் கோட்டைவிட்டு விலகவில்லை. அவளுக்குப் பயம் இல்லையா? இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அப்பா படம் எடுக்கிறாரே, நடுவில் எப்படி விலகுவது?

அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? விளையாட்டுக் கேமராவைத் தூக்கினார், எருமையைப் பார்த்தார், இறக்கினார். வனவிலங்குக் கேமராவைத் தூக்கினார், மகளைப் பார்த்தார், இறக்கினார். எதிரே பதக்கத்தைப் பிடித்தபடி உறைந்து நின்ற தலைமை விருந்தினரோ சந்தேகமில்லாமல் பொது. மூன்று வாரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆக்னல் வெளிறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இது ஸ்போர்ட்ஸா, வைல்ட்லைஃபா?"

நான் பதில் யோசிப்பதற்குள் ரிப்பன் அறுந்துவிட்டது. காட்டெருமை தலைமை விருந்தினரின் பூங்கொத்தை மோந்து பார்த்து, பிடிக்காமல், கேன்டீன் பக்கம் போய்விட்டது. ஆக்ஸிலியா மூச்சு வாங்க நேராக அப்பாவிடம் ஓடி வந்தாள். அவர் இன்னும் குனிந்து வாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். எடுத்தீங்களா என்று அவள் கேட்கவில்லை. அவள் வளர்ந்த வீடு அது, பதில் தெரியும்.

"நான் ஜெயிச்சத பாக்கவாச்சும் செஞ்சீங்களாப்பா?"

ஆக்னல் வாரைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் ஃபெமினா அந்த வெள்ளைக்காரக் குடும்பத்தைச் சட்டத்திலிருந்து இறக்கினார். ரிப்பன் அறுந்த நேரத்தில் அவர் மட்டும் வீட்டுச் சட்டத்தை மீறிப் போனை நீட்டியிருக்கிறார். இரண்டு நாளில் பிரிண்ட் போட்டு மாட்டியும் விட்டார். நெஞ்சில் ரிப்பனோடு மகள், அவள் தோளுக்கு மேலே இரண்டு கொம்பு, ஓரத்தில் கழுத்தில் மூன்று கேமராவோடு தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆக்னல். அந்தக் குடும்பத்தின் முதல் படம் அதுதான். மகள் ஓடியதை ஆக்னல் முதல்முதலாகப் பார்த்ததும் அதில்தான். வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். கண்கூடக் கலங்கியது. திருந்திவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு மூக்கைப் படத்தோடு ஒட்டிக்கொண்டு, நிழல்ல புள்ளி புள்ளியா அடிக்குதுண்ணே, போன்ல எடுத்தா இப்படித்தான் என்றார். வாடகைக் கேமரா மூன்றும் சரியில்லையாம், நாலாவதாக ஒன்று வருகிறதாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மூன்று கேமராவும் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று இவ்வளவு நேரம் நான் சொல்லவே இல்லையே, அது உள்ளுக்குள் உங்களை அரித்துக்கொண்டே இருந்ததா? அப்படியானால் கழுத்தை ஒரு தரம் தடவிப் பாருங்கள். அப்படியே தலையையும் கொஞ்சம் தூக்குங்கள். எதிரே உங்கள் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது.