கதவைத் துடைக்க விடாத ஓவியா

முடிச்சூர்

அன்புள்ள மச்சான் தினகரனுக்கு முனிரத்தினம் எழுதுவது. நானும் உங்கள் தங்கை பொன்னியம்மாளும் சுகம். அங்கும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் மேடவாக்கம் சிக்னல் என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள், ஆகவே கடிதம்.

என் மகள், உங்கள் மருமகள் ஓவியா ஊரப்பாக்கம் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதி உதவி வார்டனாக இருக்கிறாள் அல்லவா, போன வாரம் வீட்டுக்கு வந்து, "பயஸ் கம்ப்ளெய்ன்ட் ஒண்ணுப்பா" என்றாள். நான் பயஸ் என்று யாரோ பையன் என்றெண்ணி, அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். "பயஸ்னா ஆளில்லப்பா, பாரபட்சம்" என்றாள். விஷயம் இதுதான்: கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து படிக்கும் புஷ்பலதாவின் அறைக் கதவில் யாரோ 'மீன் மார்க்கெட்' என்று பெரிதாக எழுதிவிட்டார்கள், அந்தப் பெண் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. டீன் ஷ்யாம்சுந்தர் வந்து பார்த்து, "விளையாட்டுக்குப் பண்ணிருப்பாங்க. தொடைச்சிட்டு, இந்தப் பொண்ணுக்கு வேற ரூம் குடுத்துடுங்க" என்றாராம். துணியும் வாளியும் வந்துவிட்டன. ஓவியா கதவை மறைத்து நின்றுகொண்டாள். "எழுதினவங்க ரூமை மாத்துங்க சார். இது தொடைக்கிறதுக்கு முன்னாடி பதிவாளர் பாக்கணும்." வேலை போய்விடும் என்று கூட இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்களாம், நகரவில்லை. தகவல் தெரிந்து புஷ்பலதாவின் அம்மா அங்காளம்மா மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் நேராக வந்து இறங்கி, "எம்பொண்ணு படிக்க வந்துகீறா சார், இன்னாத்துக்கு ஓடணும்?" என்று கேட்க, டீன் பதிவாளருக்குப் போன் போட்டார். பதிவாளர் வந்தார், விசாரணை நடந்தது, எழுதிய இரண்டு மாணவிகளும் ஒப்புக்கொண்டு, எல்லோரும் பார்க்க அவர்களே கதவைத் துடைத்து, அங்காளம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு கட்டடத்துக்குப் போனார்கள். புஷ்பலதா அதே அறையில் இருக்கிறாள். டீன் கூட்டத்தில், "நாம் எடுத்த உடனடி நடவடிக்கை" என்று பேசினாராம், பேசட்டும். நான் தண்ணி லாரிக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், மச்சான். நம் வீட்டுப் பெண் பயப்படவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
முனிரத்தினம்

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது ஓவியா வந்து, விடுமுறையில் தாம்பரத்தில் பயிற்சிக்கு வரும் புஷ்பலதாவுக்கும் அவள் அம்மாவுக்கும் நம் மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, அக்கம்பக்கத்துல இன்னா சொல்வாங்களோ" என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் டீனுக்காக முதல்முறையாக இரக்கப்பட்டேன். சாவியைப் பொன்னியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற வேண்டும், நீங்களும் வாருங்கள்.